பதினாறில் இரண்டு பங்கு: வழக்குத் தாள்களில் நம் குடும்பங்களைத் தேடுதல்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இது அவர்களுக்குத்தான் அதிகம் விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. "நாங்கள் கோடு கச்சேரி ஏறாத குடும்பம்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். காணிச் சண்டையா, பள்ளிவாசலில் பேசித் தீர்ப்போம். கலியாணச் சண்டையா, பெரியவர்கள் கூடி முடிப்போம். கோட்டுக்குப் போவது மானம் போவதற்குச் சமம் என்றே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

சில காலத்துக்கு முன் புத்தளத்தில் எங்கள் உறவினர் ஒருவர் மௌத்தானார். அவருடைய ரங்குப்பெட்டியைத் திறந்தபோது, அடியில் பிளாஸ்டிக் பையொன்றில் சுற்றிய நாலைந்து தாள்கள் இருந்தன. 1990இல் முல்லைத்தீவை விட்டு வந்தபோது உடுப்புக்குள் மடித்துக் கொண்டுவந்தவையாக இருக்க வேண்டும். எங்கள் பூட்டன் இறந்த பின், ஐம்பதுகளின் கடைசியில், அவருடைய சொத்துத் தொடர்பாக நடந்த வழக்கின் உறுதிப்படுத்திய பிரதி அது. மூத்த மகன் மனுதாரர். மற்ற 6 பேர் எதிர்மனுதாரர். கோடு ஏறாத குடும்பம் என்ற கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

ஆனால் எங்களைத் திகைக்க வைத்தது வழக்கு அல்ல, அதிலிருந்த ஒரு கணக்கு. அதைச் சொல்வதற்கு முன், இந்தத் தாள்கள் நமக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, நம்மில் ஏறத்தாழ 75,000 பேர் கையில் கிடைத்ததோடு நடந்தோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு கதை. நகை போனது, மாடு போனது, கடை போனது என்று கணக்குச் சொல்வோம். அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராத ஒன்று, அலுமாரியில் இருந்த கடதாசிகள். காணி உறுதி, நிக்காஹ் பதிவுத் துண்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், குர்ஆன் பிரதியின் முதல் பக்கத்தில் வாப்பாமார் எழுதி வைத்த பிள்ளைகளின் பிறந்த திகதிகள். பிறகு 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து முல்லைத்தீவு நகரைத் துடைத்தது. 2009 வரை யுத்தம் நடந்தது. திரும்பி வந்தபோது பலருக்கு வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. கடதாசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு புதுச் சங்கடம். பிறப்புச் சாட்சிப் பத்திரம் புத்தளம் என்கிறது. வாக்குப் பதிவு ஒரு காலம் அங்கே, ஒரு காலம் இங்கே. மீள்குடியேற வந்த இடத்தில், "நீங்கள் உண்மையிலேயே இந்த ஊர்தானா?" என்று யாராவது கேட்டால், "எங்கள் வாப்பா சொன்னார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வாப்பாமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அன்று 30 வயதில் நடந்து வந்தவருக்கு இன்று 65 கடந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அந்த ரங்குப்பெட்டி எங்களுக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது. ஒரு காணி உறுதிக்கு உரிமையாளர் வீட்டில் ஒரு பிரதி இருக்கும். வீடு எரிந்தால் அதுவும் எரியும். ஆனால் இரண்டு பேர் சண்டை பிடித்தால், அந்தச் சண்டையின் தாள் இரண்டு பேர் வீட்டிலும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் போய்க் கிடக்கும். அது நீதிமன்றத்தின் ஆவண அறை. ஒற்றுமையாக இருந்த குடும்பங்கள் பேசித் தீர்த்துவிட்டுப் போய்விட்டன. அவர்களுடைய வரலாறு பேசியவர்களோடேயே போனது. சண்டை பிடித்தவர்களின் வரலாறுதான் எழுத்தில் நிற்கிறது. அல்லாஹ் ஷர்ரிலும் ஒரு கைரை வைத்திருக்கிறான்.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமல்ல. உஸ்மானியப் பேரரசின் காழிமார் தங்கள் முன் வந்த எல்லாவற்றையும் "ஸிஜில்" என்ற பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். ஜெரூசலத்தின் ஸிஜில்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. மஹரைக் கேட்டு வந்த பெண், வீட்டை விற்ற விதவை, கடனைத் திருப்பிக் கொடுத்த செக்கு வியாபாரி எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். அரசர்களின் வரலாற்றில் இல்லாத சாதாரண குடும்பங்களை வரலாற்றாசிரியர்கள் அந்தப் பதிவேடுகளிலிருந்துதான் மீட்டெடுத்தார்கள். நமது நாட்டிலும் அதே வகைத் தாள்கள் இருக்கின்றன. தேடத்தான் ஆளில்லை.

சரி, எங்கே, எதைத் தேடுவது?

முதலாவது, இறந்தவரின் சொத்தைப் பராமரிக்க நடக்கும் வழக்கு. மரணசாசன வழக்கு என்றும் சொல்வார்கள். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி இவை மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். இறந்தவர் யார், எப்போது எங்கே இறந்தார், வாரிசுகள் யார் யார், அவர்களில் சிறுபராயத்தவர் யார், சொத்து என்னென்ன என்று எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும்.

நம்மவர் கோப்பில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின் படியே பிரிக்கப்படும். ஆகவே கோப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு பின்னம் இருக்கும். அந்தப் பின்னம்தான் திறப்பு. வகுப்பில் கணக்குப் படிப்பிப்பதுபோல ஒருமுறை பார்ப்போம்.

ஒருவர் மனைவியையும் 2 ஆண்மக்களையும் 3 பெண்மக்களையும் விட்டு இறக்கிறார். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8. மீதி 7/8. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 1/8, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 2/8. கூட்டிப் பாருங்கள், சரியாக 1 வரும்.

இப்போது இதைத் தலைகீழாகப் பாருங்கள். கோப்பில் உறவுமுறை எழுதப்படாத ஒரு பெண்ணுக்கு 1/4 கிடைத்திருந்தால், பெரும்பாலும் அவர் பிள்ளையில்லாமல் இறந்தவரின் மனைவி. மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, ஒரே மகளுக்கு 1/2 போக, 5/24 யாரோ ஓர் ஆணுக்குப் போயிருந்தால், அவர் மகனாக இருக்க முடியாது. இறந்தவரின் வேறொரு நெருங்கிய ஆண் உறவினராக இருப்பார். சூரத்துன் நிஸாவின் 11ஆம், 12ஆம், 176ஆம் வசனங்களைத் தெரிந்த எவருக்கும் இந்தப் பின்னங்கள் ஒரு குடும்ப மரம்.

எங்கள் பூட்டனின் தாளில் இருந்த கணக்கு இதுதான். மொத்தம் 16 பங்கு. 2 ஆண்மக்களுக்கும் தலைக்கு 4. 3 பெண்மக்களுக்கும் தலைக்கு 2. மீதி 2 பங்கு மனைவிக்கு வர வேண்டும். ஆனால் 2 என்று ஓர் இடத்தில் இல்லை. 1/16 என்று இரண்டு இடத்தில் இருந்தது. மனைவியின் 1/8ஐ இரண்டு பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்தது ஒரு பூட்டி. எங்களுக்குத் தெரிந்த பெண்மக்கள் 2 பேர். தாளிலோ இரண்டாவது மனைவியும் மூன்றாவது மகளும் இருந்தார்கள். 6ஆம் எதிர்மனுதாரர் சிறுபராயத்தவர் என்றும், அவருக்காகத் தாய்மாமன் ஆஜராகிறார் என்றும் எழுதியிருந்தது. 60 வருடத்துக்கு மேலாக எங்கள் வாயில் வராத ஒரு பெயர், தட்டச்சு எழுத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயருக்கு மீண்டும் வருவோம்.

இரண்டாவது, காணிப் பாகப்பிரிவினை வழக்கு. 1863ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அதன்படி வழக்குத் தாக்கல் செய்பவர் முறைப்பாட்டோடு வம்சாவளி அட்டவணையையும் இணைக்க வேண்டும். காணி முதலில் யாருடையது, அவருக்கு யார் யார் பிள்ளைகள், யார் யாருக்கு விற்றார் என்று கிளை கிளையாக வரையப்பட்ட படம் அது. பிறகு நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். அவர் வரைபடத்தோடு ஓர் அறிக்கையும் தருவார். வீடு எது, கிணறு எது, தென்னை எத்தனை, ஒவ்வொன்றையும் யார் உரிமை கோரினார் என்று அதில் இருக்கும். இன்று காடாகிப் போன வளவில் நம் வீடு எங்கே நின்றது என்று அந்த வரைபடம் காட்டும்.

மூன்றாவது, நிக்காஹ் பதிவும் காதி நீதிமன்றமும். இலங்கை முஸ்லிம்களின் வழமைகள் முதலில் 1806இல் கொழும்பு மாகாணத்துக்கென்று சட்டக்கோவையாக வந்தன. 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தன. காதிமார் முறை 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. அந்தச் சட்டம் 1937இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளை, பெண், அவர்களுடைய வாப்பாமார், வலி, மஹர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். வலி யார் என்று கவனியுங்கள். பெண்ணின் சகோதரரோ பெரிய வாப்பாவோ வலியாக நின்றிருந்தால், கலியாணத்துக்கு முன்பே வாப்பா மௌத்தாகியிருக்கலாம்.

ஆனால் ஒன்று. அந்தப் பதிவில் மணமகள் கையொப்பமிடும் இடம் இல்லை. நம் உம்மம்மாமாரின் கலியாணப் பதிவில் அவர்களுடைய பெயர் இருக்கிறது, கை இல்லை. அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் காதி நீதிமன்றக் கோப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது. அதனால் பிள்ளைச் செலவு கேட்டு, மஹர் கேட்டு, கைக்கூலியைத் திருப்பிக் கேட்டு, பஸஹ் கேட்டு வந்த பெண் சொன்ன சொல் அவருடைய சொல்லாகவே பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஊரின் வரலாற்றில் ஏழைப் பெண் ஒருத்தி தன் வாயால் பேசிய இடம் வேறெங்கே இருக்கிறது?

நான்காவது, கோப்பே அழிந்திருந்தாலும் கிடைக்கக்கூடிய நிழல்கள். யுத்தத்தில் கட்டடங்கள் போயின, கோப்புகளும் போயின. அதனால் நம்பிக்கையை விட வேண்டாம். அந்தக் காலத்தில் மரணசாசன வழக்கு அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்தன. இறந்தவர் பெயர், ஊர், மனுதாரர், எதிர்மனுதாரர் பெயர்கள் எல்லாம் அதில் அச்சாகின. வர்த்தமானி 1802இலிருந்து வெளிவருகிறது. அதைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். ஊர்க் கோடு எரிந்தாலும் வர்த்தமானி எரியாது. மேல்முறையீட்டுக்குப் போன முக்கிய வழக்குகள் சில "நியூ லோ ரிப்போர்ட்ஸ்" என்ற தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கின்றன.

உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தை மறக்க வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதியை அவர் அடுத்த மாதம் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நம் வீட்டுப் பிரதி போனாலும் அது அங்கே இருக்கக்கூடும். உறுதியில் எல்லைகளையும் வாசியுங்கள். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் மனைவியின் காணி என்று அயலவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். நம் உறுதி கிடைக்காவிட்டால் அயலவருடைய உறுதியில் நம் பெயர் எல்லையாக நிற்கும். அயலவர் தமிழ்ச் சகோதரராக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அவருடைய பூட்டனின் பெயர் நம் உறுதியில் இருக்கலாம், நம் பூட்டனின் பெயர் அவருடைய உறுதியில் இருக்கலாம். அது இரண்டு பேருக்கும் நல்லது.

அரச காணியில் பெர்மிட் பெற்றுக் குடியேறியவர்களுக்கு, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான காணிப் பேரேடு பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். பெர்மிட் பெற்றவர், அவர் நியமித்த பின்னுரித்தாளி ஆகிய விபரங்களை அங்கே கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை சில.

மாவட்ட எல்லைகள் மாறியிருக்கின்றன. முல்லைத்தீவு 1978இல்தான் இன்றைய மாவட்டமானது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே நாச்சிக்குடாக் காரருடைய பழைய தாளுக்கு யாழ்ப்பாணத்தையும், முல்லைத்தீவுக் காரருடைய பழைய தாளுக்கு வவுனியாவையும் கேட்டுப் பார்க்க வேண்டிவரும்.

பழைய கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முகைதீன் என்ற ஒரு பெயரை ஒரே கோப்பில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை. வாப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். அதனால் ஆளின் பெயரைவிட ஊரின் பெயரையும் காணியின் பெயரையும் பிடித்துக்கொண்டு தேடுவது சுலபம். நம் வளவுகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். இன்றிரவே கேட்டு எழுதுங்கள்.

வழக்கு இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய உறுதிகளில் "இன்ன இலக்க வழக்கின் தீர்ப்பின்படி எனக்கு உரித்தான" என்று ஒரு வரி வரும். அந்த இலக்கத்தோடு, வழக்கில் சம்பந்தப்பட்டவரின் வாரிசு என்ற முறையில், சட்டத்தரணி ஒருவர் ஊடாகப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். கோப்பில் இருப்பதெல்லாம் உண்மை என்று எடுக்காதீர்கள். வம்சாவளியை வரைவது வழக்குப் போட்டவர். தனக்குப் பாதகமான கிளையை அவர் விட்டிருக்கலாம். எதிராளியின் மறுமொழியையும் சாட்சியத்தையும் தீர்ப்பையும் சேர்த்து வாசித்தால்தான் படம் முழுமையாகும். அதேபோலக் கோப்பில் இல்லாதவர் குடும்பத்தில் இல்லாதவர் அல்ல. வாப்பாவுக்கு முன்பே மௌத்தான மகனின் பிள்ளைகள், வேறு ஆண்மக்கள் உயிரோடிருந்தால், பாட்டனின் சொத்தில் வாரிசாக மாட்டார்கள். எத்தீம் பேரப்பிள்ளைகள் பங்குக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களைத் தாளில் தேடிப் பயனில்லை. மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். 6ஆம் எதிர்மனுதாரரின் பெயரை எடுத்துக்கொண்டு எங்கள் மாமியிடம் போனோம். வாப்பாவின் மூத்த சகோதரி, 80 வயதுக்கு மேல். பெயரை வாசித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அவ எனக்கு மாமி முறை. என்னை விடக் கொஞ்சம்தான் மூப்பு. சின்னதில ஒண்டா விளையாடினோம். கேஸ் வந்த பிறகு போக்குவரத்து இல்லாமப் போச்சு. நீங்க ஒருத்தரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

வவுனியாப் பக்கம் கலியாணம் முடித்துப் போனதாகவும் சொன்னார். ஊரையும் சொன்னார். போய் விசாரித்ததில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. அவர் மௌத்தாகிப் பல வருடம். மகள் இருந்தார். வாசலில் நின்று எங்கள் பூட்டனின் பெயரைச் சொன்னோம். "அது எங்கட உம்மாட வாப்பா" என்றார். எங்களுக்கு அவர்களைத் தெரியாமல் இருந்ததே தவிர, அவர்களுக்கு எங்களைத் தெரிந்திருந்தது. "தண்ணீரூற்றில சொந்தக்காரர் இருக்கினம், காணியில பங்கு தராத ஆக்கள்" என்று உம்மா சொல்லியிருக்கிறாராம்.

அந்த வசனம் எங்களைக் குத்தியது. ஏனென்றால் அது பொய் இல்லை. வழக்கில் அவருக்கு 2/16 என்று தீர்ந்தது. ஆனால் அந்த வளவு பிரிக்கப்படவில்லை. எங்கள் பாட்டன் ஆண்டார், வாப்பா ஆண்டார், 1990இல் எல்லோரும் இழந்தோம், 2009க்குப் பிறகு திரும்பி வந்து நாங்கள் வேலி போட்டோம். எங்கள் வீடு நிற்கும் வளவில் அந்தப் பெண்ணின் பங்கும் கிடக்கிறது. குடும்ப மரம் தேடப் போனோம். கூடவே ஒரு கடனும் கிடைத்தது.

எங்களில் சிலர், "இவ்வளவு காலம் ஆண்டாச்சு, இனி என்ன?" என்று கேட்டார்கள். சட்டத்தையும் பார்த்தோம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் 10 வருடம் என்று இருக்கிறது. ஆனால் அது அந்நியனுக்கு எதிராக ஆள்பவருக்குச் சொன்னது. கூட்டு உரிமையாளருக்குள் ஒருவர் ஆள்வது எல்லோருக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும், மற்றவரை வெளிப்படையாக விலக்கினால் அன்றி அந்தக் காலம் ஓடத் தொடங்காது என்று, கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்ற வழக்கில் 1911இலேயே கோமறை மன்றம் சொல்லிவிட்டது. நாமும் அகதியாக இருந்த சமூகம்தானே. யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம், 5ஆம் இலக்கம், வந்தபோது சந்தோஷப்பட்டவர்கள் நாம். நமக்கு ஒரு நியாயம், நம் சாச்சிக்கு வேறு நியாயமா?

சட்டம் கிடக்கட்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இல்லை. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையென்றாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்று அதில் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் கடனை யாரோ ஒரு கோட்டு எழுதுவினைஞர் எழுதி வைத்துவிட்டார். மறுப்பதற்கு எங்களுக்கு முகமில்லை.

இன்னும் முடிவாகவில்லை. சட்டத்தரணியிடம் பேசியிருக்கிறோம். வளவில் அந்தப் பங்கை அளந்து கொடுப்பதா, பெறுமதியைக் கொடுப்பதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குள் முகம் சுழித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடந்த பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமி அவர்களைப் பக்கத்தில் இருத்தி, வளவின் பழைய பெயரையும் கிணறு இருந்த இடத்தையும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

ஆகவே, பழைய தாளைத் தேடப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறோம். கிடைப்பது எல்லாம் இனிப்பாக இருக்காது. மறைத்த கலியாணம் வரலாம், தலாக் வரலாம், சகோதரனை ஏமாற்றிய உறுதி வரலாம். அவற்றை எடுத்து முகநூலில் போடாதீர்கள், மற்றவர் வீட்டு மானத்தை அவிழ்க்காதீர்கள். நாங்களும் இங்கே ஒரு பெயரும் எழுதவில்லை. பழைய சண்டையை மறுபடி தொடங்கவும் அந்தத் தாளைப் பாவிக்காதீர்கள். யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதற்குப் பாவியுங்கள்.

"கோடு ஏறாத குடும்பம்" என்று இனி நாங்கள் சொல்வதில்லை. எங்கள் பூட்டனின் பிள்ளைகள் கோடு ஏறினார்கள். ஏறியதால்தான், தகப்பனை இழந்த ஒரு சிறு பெண்ணின் பெயர் அழியாமல் நின்றது.

உங்கள் வீட்டில் ரங்குப்பெட்டி, தகரப்பெட்டி, பழைய பை ஏதாவது திறக்காமல் இருந்தால் திறந்து பாருங்கள். தாள் கிடைத்தால் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லெமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கள் விளங்காவிட்டால் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து கணக்குப் பார்ப்போம். மூத்தவர்களிடம் கேட்பதை மட்டும் நாளைக்குத் தள்ள வேண்டாம். கோப்பு இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். அவர்கள் காத்திருப்பார்களா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

போனவர்களின் கப்றுகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. அவர்கள் விட்டுப்போன ஹக்குகளை உரியவர்களிடம் சேர்க்கும் மனதை நமக்குத் தருவானாக. ஆமீன்.